அடுப்பங்கரை வாளி

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். டெலிவிஷனைத் திறந்தால் பனிமலை உருகுகிறது, கடல் பொங்குகிறது என்று பயமுறுத்துகிறார்கள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில், மாமியார், கணவர், இரண்டு குழந்தைகளோடு இருக்கும் நான் இதற்கு என்ன செய்ய முடியும்? காலை ஏழரை மணிக்குள் மூன்று டிபன் டப்பா கட்டியாக வேண்டும். சுலபமாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். மரம் நடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நட இடமில்லை!"

நியாயமான கேள்வி. மரம் நடச் சொல்லப் போவதில்லை, அம்மணி, பயப்பட வேண்டாம். இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

'பூமியைக் காக்க ஐம்பது வழிகள்' என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது சுலபம். எனக்கு அந்த மாதிரிப் பட்டியல்களில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. பல் துலக்கும்போது குழாயை மூடு என்பதும், ஆகாய விமானத்தில் ஏறாதே என்பதும் அதில் அடுத்தடுத்த வரியில் இருக்கும். குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு எது பெரிய செலவு, எது சில்லறைச் செலவு என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கொத்தமல்லிக் கட்டில் இரண்டு ரூபாய் பேரம் பேசி மிச்சம் பிடித்துவிட்டு, வெந்நீர் ஹீட்டரை நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் கணக்கு நேராகுமா? ஐம்பதையும் படித்து மலைத்துப் போய் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைவிட, ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகச் செய்வது மேல். நான் பிடித்துக்கொள்ளச் சொல்வது அடுப்பங்கரைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் குப்பை வாளியை!

சிரிக்காதீர்கள். இன்று ராத்திரி அந்த வாளியை வெளியே வைப்பதற்கு முன் ஒரு தடவை உள்ளே எட்டிப் பாருங்கள். கத்தரிக்காய்க் காம்பு, வெங்காயச் சருகு, காப்பி வடிகட்டிய தூள், வாழைப்பழத் தோல், சுவாமி படத்தில் வாடிய பூ, குழந்தை மீதம் வைத்த தயிர் சாதம். இவற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டு பால் பாக்கெட் உறை, மாத்திரை அட்டை, தீர்ந்துபோன பேட்டரி, உடைந்த கண்ணாடி டம்ளர். நம் ஊர்களின் குப்பையில் எடைக்கு ஏறக்குறையப் பாதி, பல இடங்களில் பாதிக்கு மேலேயே, முதலில் சொன்ன வகைதான். மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே திரும்பிப் போக வேண்டியது. ஆனால் போவதில்லை. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, லாரி ஏறி, மலைக்குப் போகிறது.

எந்த மலைக்கு என்கிறீர்களா? சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரத்து மலையும் கடவுள் வைத்தவை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருப்பவை நாம் வைத்தவை. இந்தப் பட்டணம் ஒரே நாளில் கழித்துப் போடும் குப்பை 5,000 டன்னுக்கும் மேல். பல பத்து வருஷங்களாக வடக்குப் பக்கத்துக் குப்பை கொடுங்கையூருக்கும், தெற்குப் பக்கத்துக் குப்பை பெருங்குடிக்கும் போய்க் குவிந்தது. இதில் பெருங்குடி விஷயம் இன்னும் வேதனை. அந்த மேடு எழுந்தது வெறும் பொட்டலில் அல்ல. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். தென்சென்னையில் பெய்கிற மழையைத் தாங்கிப் பிடித்து, ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல மெல்ல வெளியே விடுகிற இடம் அது. குளிர் காலத்தில் பூநாரைகள் சிவப்புக் கால்களோடு நிற்பதை அங்கே சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கு 'ராம்சர் பட்டியல்' என்று ஒன்று உண்டு. 2022-ஆம் வருஷம் பள்ளிக்கரணை அதில் இடம் பெற்றது. அதே 2022-ல், ஏப்ரல் மாதக் கடைசியில், பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் புகைந்தது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகள் அந்தப் புகையில் திணறின.

வாழைப்பழத் தோல் எப்படியம்மா தீக்கு விறகாகும் என்று கேட்பீர்கள். இட்லி மாவை அரைத்து மூடி வைத்தால் மறுநாள் பொங்கி வழிகிறதல்லவா? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவைத் தின்று காற்றை விடுகின்றன. குப்பைமேட்டிலும் நடப்பது அதற்கு ஒன்றுவிட்ட காரியம். காய்கறித் தோலும் சோறும் நிறையக் குப்பைக்கு அடியில், காற்றே புகாத இடத்தில் அமுங்கிக் கிடக்கும்போது, காற்று வேண்டாத வேறொரு வகை உயிர்கள் அதைத் தின்று மீதேன் என்ற வாயுவை உண்டாக்குகின்றன. கிராமத்தில் சாணத்திலிருந்து எடுத்து அடுப்பெரிக்கிறார்களே, அதில் எரிவதும் இந்த மீதேன்தான். அங்கே குழாயில் அடைத்து அடுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். இங்கே மேடு முழுவதும் தானாகக் கசிகிறது. கோடை வெயிலில் ஒரு பொறி போதும். பொறி விழாவிட்டாலும் கெடுதல்தான். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் மீதேன் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 80 மடங்கு வல்லது. அந்தப் பனிமலை உருகும் சேதிக்கும் உங்கள் வாழைப்பழத் தோலுக்கும் உள்ள உறவு இதுதான்.

அந்தத் தோலே காற்றுப் படும்படியாக ஒரு பானையில் கிடந்து மக்கினால் இந்த வம்பு கிட்டத்தட்ட இல்லை. மக்குகிறது, எருவாகிறது, அவ்வளவுதான்.

பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டி, சல்லடையில் சலித்து, மண் வேறு, பிளாஸ்டிக் வேறு, கல் வேறு என்று பிரிக்கும் வேலையை மாநகராட்சி எடுத்துச் செய்து, நிலத்தில் ஒரு பகுதியை மீட்டிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரிய பெரிய இயந்திரங்களை வைத்து, கோடிக்கணக்கில் செலவழித்து அவர்கள் செய்வது என்ன? நாம் அன்றன்றைக்கு அடுப்பங்கரையில் இரண்டு நிமிஷத்தில் செய்திருக்கக்கூடிய அதே பிரிக்கிற வேலை.

அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கை இருக்கிறது. எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணி அம்மாளிடம் ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது.

"கையிலே என்னம்மா?"

"கண்ணாடிச் சில்லும்மா. மூணாம் நம்பர் வீட்டுச் சாதத்துக்குள்ளே கிடந்திச்சு. சாதம்தானேன்னு கையை விட்டேன்."

கையுறை கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கொடுக்கிறார்களாம், ஈரத்தில் வழுக்குகிறது, வெயிலில் வேகிறது, கண்ணாடிக்கு அது தாங்கவும் தாங்காது என்றார். பிறகு, "பிளேடு, ஊசி, கண்ணாடி இதையெல்லாம் தனியா பேப்பர்லே சுத்திப் போடச் சொல்லி எழுதுங்கம்மா, நீங்கதான் பத்திரிகையிலே எழுதறீங்களே" என்றார். எழுதிவிட்டேன்.

இனி காரியத்துக்கு வருவோம். 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு விதிகள், வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. மக்குவது ஒன்று, மக்காதது ஒன்று, அபாயமானது ஒன்று. மூன்று வாளி வாங்க வேண்டும் என்று கடைக்கு ஓடாதீர்கள். சுற்றுச்சூழலின் பேரால் புதுச் சாமான் வாங்கச் சொல்லும் விளம்பரங்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இருக்கிற வாளி மக்குவதற்கு. மக்காததற்கு ஒரு பழைய பை, பரணுக்குக் கீழே ஆணியில் மாட்டினால் போதும். மூன்றாவதற்கு ஒரு பழைய பிஸ்கோத்து டின்: பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை, பிளேடு, ஊசி எல்லாம் அதில். அது நிறைய மாதக் கணக்கில் ஆகும்.

மக்காத பைக்கு ஒரே ஒரு நிபந்தனை. போவது சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். பால் பாக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் பழைய பேப்பர்க்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். பால் ஒட்டி நாறினால் யார் தொடுவார்கள்? பாக்கெட்டை வெட்டும்போது மூலையை அடியோடு துண்டித்துவிடாமல், தொங்கும்படி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க விடுங்கள். அந்தக் கடுகளவு முக்கோணத் துண்டுதான் யார் கைக்கும் சிக்காமல் சாக்கடையிலும் மாட்டின் வயிற்றிலும் போய்ச் சேருகிறது. மாத விலக்குப் பஞ்சுகளைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றி, மேலே தெரியும்படி ஓர் அடையாளம் போட்டுத் தனியாகக் கொடுங்கள். இதை எழுதக் கூச்சப்பட்டால், பிரித்துப் பார்க்கிறவள் படும் அவஸ்தைக்கு யார் பதில் சொல்வது?

மக்குவதை எருவாக்குமுன், எருவாக வேண்டாததை அதிலிருந்து எடுத்துவிடலாம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-ஆம் வருஷத்தில் உலகம் முழுவதும் வீணான உணவு, தோல் எலும்பு எல்லாம் சேர்த்து, 105 கோடி டன். இதில் ஹோட்டலும் கல்யாணமும்தான் பெரும் பங்கு என்று நினைப்போம். இல்லை. 100-க்கு 60 பங்கு வீடுகளில். எனவே ஆழாக்கு அரிசியைக் குறைத்துப் போடுவதும் சுற்றுச்சூழல் சேவைதான். "போதாமல் போய்விட்டால்?" என்ற பயத்தில் தினமும் ஒரு பிடி கூடப் போடுகிறோமே, அந்தப் பிடி மறுநாள் வாளியில்தான் விழுகிறது.

தோலில் இருக்கிற ருசியும் நமக்கு மறந்து வருகிறது. பீர்க்கங்காய் வாங்கினால் தோலைச் சீவி எறியாதீர்கள். முதலில் காயின் நுனியில் துளி கிள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயும் வேண்டாம், தோலும் வேண்டாம், இரண்டும் எருப்பானைக்கு. கசக்காவிட்டால், தோலை நன்றாகக் கழுவிப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் மூன்றையும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் தோலை நிறம் மாறிச் சுருளும் வரையில் வதக்குங்கள். கொட்டைப் பாக்களவு புளி, உப்பு, ஒரு கைப்பிடி தேங்காய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டியது. சுடு சாதத்தில் நல்லெண்ணெய் விட்டு இந்தத் துவையலைப் பிசைந்து போட்டால், காயைப் போட்டுப் பண்ணின கூட்டை யாரும் தொடமாட்டார்கள். தர்பூசணியின் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் வெள்ளையாக இருக்கிறதே, அதில் பூசணிக்காய் மாதிரியே மோர்க்குழம்பு செய்யலாம். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி, மஞ்சள் பொடி போட்ட மோரில் வேகவைத்துக் காரப் பொரியல் பண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, பானைக்கு வருகிறேன். வேண்டியவை மூன்று பாத்திரங்கள். மண்பானையானால் உத்தமம், இல்லாவிட்டால் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். பக்கங்களிலும் அடியிலும் சுண்டு விரல் நுழையாத அளவுக்குத் துளைகள் போட வேண்டும். அடியில் ஒரு பழைய தட்டு. பால்கனியில், மழையும் நேர் வெயிலும் படாத மூலையில், இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

அடியில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை. பட்டணத்தில் காய்ந்த இலைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். காலையில் தெருவில் கூட்டி நெருப்பு வைக்கிறார்களே, அதற்குமுன் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தால் இரண்டு மாதத்துக்கு வரும், தெருவும் புகையிலிருந்து பிழைக்கும். அதுவும் முடியாவிட்டால், செடிக் கடையில் தென்னை நார்த் தூளைக் கட்டியாக விற்கிறார்கள். ஊறவைத்து உதிர்த்துக்கொள்ளலாம். கிழித்த செய்தித்தாளும் உதவும்.

அன்றன்றையக் காய்கறித் தோலை, பெரிதாக இருந்தால் நறுக்கி, அதன் மேல் போடுங்கள். எவ்வளவு தோலோ அவ்வளவு காய்ந்த சரக்கை மேலே போட்டு மூடுங்கள். முதல் தடவை ஒரு கரண்டி புளித்த மோரோ, ஒரு பிடி தோட்டத்து மண்ணோ தெளித்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் குடியேறும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒரு குச்சியால் அடிவரையில் கிளறிவிடுங்கள். காற்றுப் புக வேண்டும். அதுதான் முழு ரகசியமும். காற்றுப் புகாவிட்டால் பெருங்குடியே பால்கனிக்கு வந்துவிடும்.

ஒரு வாளி நிறைய மூன்று வாரத்துக்குக் குறையாது. போடப் போட அமுங்கிக்கொண்டே போகும். நிறைந்ததை மூடித் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். தள்ளி வைத்ததை வாரத்துக்கொரு தடவை கிளறினால் போதும். மூன்றாவது நிறைவதற்குள் முதலாவது ஏறக்குறையத் தயாராகியிருக்கும். கறுத்து, உதிரியாக, முதல் மழை பெய்த மண் மாதிரி வாசனை வந்தால் எரு ஆகிவிட்டது என்று அர்த்தம்.

வரக்கூடிய தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒளித்து என்ன பயன்? நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். காய்ந்த இலையை இன்னும் இரண்டு பிடி போட்டுக் கிளறினால் மறுநாளே அடங்கும். ஒரு பிடி அள்ளிக் கையில் இறுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரியான பதம், ஒழுகினால் அதிகம். மாறாக எதுவுமே மக்காமல் போட்டது போட்டபடி கிடந்தால் காய்ந்துவிட்டது. அரிசி களைந்த தண்ணீரைத் தெளியுங்கள். சில நாளில் உள்ளே பழுப்பு வெள்ளையாகப் புழுக்கள் நெளியும். அலற வேண்டாம். ஒரு வகை ஈயின் குஞ்சுகள். கடிக்காது, நோய் பரப்பாது, குப்பையை உங்களைவிட வேகமாகத் தீர்த்துவிட்டுத் தாமே போய்விடும். பிடிக்காவிட்டால் காய்ந்த சரக்கை மேலே தாராளமாகப் போட்டு, வாயில் ஒரு மெல்லிய துணியைக் கட்டிவிடுங்கள். மீன், மாமிசம், எலும்பு, பால், எண்ணெய்ப் பலகாரம் இவற்றைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் போட வேண்டாம், எலி வரும். தேங்காய் ஓட்டையும் மாங்கொட்டையையும் போட்டுவிட்டு ஏன் மக்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அவற்றுக்கு வருஷக் கணக்கு.

புழுவைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. "என்னம்மா இது, வீட்டுக்குள்ளேயே குப்பைமேடா?" என்று மாமியார் கேட்பார். "நீங்கள் ஊரில் பார்த்த எருக்குழிதான் அம்மா, கொஞ்சம் சின்னது" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கே நினைவு வரும். கொல்லைப்புறத்து எருக்குழி, கழுநீர் குடிக்க வந்த மாடு, துணி துவைக்கும் கல்லண்டை தண்ணீர் பாய்ந்து தழைத்த வாழை. எச்சிலை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்தால் அவரோடு வாதாட வேண்டாம். சாப்பிட்ட மிச்சத்தை மட்டும் மக்கும் வாளியில் தனியாக மாநகராட்சி வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். சமைக்காத காய்த் தோல், பழத் தோல், வாடிய பூ, காப்பித் தூள் இவைதான் பானைக்கு. அதிலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது, இந்தக் காலத்துப் பெண்களுக்குத்தான் பொறுப்பில்லை என்று பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் காலத்தில் குப்பை மக்கியதற்குக் காரணம் புண்ணியம் அல்ல. மக்காத சாமான் வீட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். கொல்லைப்புறமும் இருந்தது. பெரும்பாலும் ஆபீசு வேலையும் இல்லை. இன்றைக்கு வேலைக்கும் போய்க்கொண்டு மூன்றாவது மாடியில் பானை வைக்கிற பெண், கொல்லையில் எருக்குழி வைத்திருந்த பாட்டியைவிடச் சமர்த்து என்பேன். கிளறுகிற வேலை கணவருடையதாக இருக்கட்டும். குச்சியைப் பிடிக்க டிப்ளமா வேண்டாம்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்த பைகள் உங்கள் அலமாரியில் எத்தனை இருக்கின்றன? அவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். அழகான புதுத் துணிப்பை வாங்க வேண்டாம். பருத்தி விளைவிக்கவும் சாயம் போடவும் எக்கச்சக்கமாகத் தண்ணீர் செலவாகிறது. நூற்றுக்கணக்கான தடவை கடைக்குப் போய் வந்தால்தான் துணிப்பைக்கு அந்தக் கடன் அடையும்.

ஏ.ஸி. இருக்கிறவர்கள் 24 டிகிரியில் வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றுவதற்கும் மின்சாரம் 100-க்கு 6 பங்கு மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்கு. 18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குவது என்ன நாகரிகமோ தெரியவில்லை. பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். நம் நாட்டுச் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது என்பதை நினைத்துக்கொண்டால் கை தானாகத் திருகும்.

தண்ணீரைப் பற்றிச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடத்தோடு வரிசையில் நின்றவர்களில் எத்தனை ஆண்கள் இருந்தார்கள் என்பதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. உங்கள் கட்டடத்திலும் குழாய் இருக்கும். அதன் கீழ்க்கோடியில் இருக்கும் தொட்டியில் மணலும் ஜல்லியும் சேறடைந்து கிடக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்னால் யாரையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் இன்ஸ்பெக்டருக்குக் காட்டுவதற்காக வைத்த குழாய்தான் இருக்கிறது. தண்ணீர் தெருவுக்குத்தான் ஓடுகிறது. ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள், ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமான தண்ணீரைக் குழாய் வழியே வெளியே தள்ளுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பினால், வீடு துடைக்கவும் கழிவறைக்கு ஊற்றவும் ஆகும். செடிக்குத் தினமும் ஊற்ற வேண்டாம். அதில் உப்பு அதிகம். செடிக்கு அரிசி களைந்த தண்ணீரும், காய்கறி அலம்பிய தண்ணீரும் போதும்.

எருவை என்ன செய்வது என்று கேட்க வருகிறீர்கள். ஒரு தொட்டிக் கறிவேப்பிலைக்கு மாதம் இரண்டு பிடி போதும். ஒரு பங்கு எருவுக்கு இரண்டு பங்கு மண் கலந்து வெந்தயத்தைத் தூவினால், ஒரே வாரத்தில் சின்னக் கீரை கையெட்டும் தூரத்தில். பானைக்குள் போன தக்காளி விதை எருவோடு சேர்ந்து தானாகவே முளைக்கும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள், தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

அதற்கு மேலும் மிஞ்சினால் அதற்கொரு நல்ல உபயோகம் சொல்கிறேன். பத்து வீடு, இருபது வீடு உள்ள கட்டடத்தில் ஆளுக்கொரு பானை வைப்பதைவிட, மாடியிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ இரண்டு பெரிய தொட்டி பொதுவாக வைப்பது சுலபம். ஆனால் இதைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முதலிலேயே கிளப்பினால், நாற்றம், கொசு, யார் கிளறுவது என்று ஒன்பது ஆட்சேபணை வந்து, காரியதரிசி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிடுவார். பேசாமல் உங்கள் பால்கனியில் தொடங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, அந்த எருவில் நாலு பிடியை மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய், இன்னதென்று சொல்லாமல் காரியதரிசியின் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.